பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் காட்டுப் பாதைக்குத் தயார் செய்வது

என்னிடம் இருப்பது 1987 மாடல் சுசுகி சாமுராய். 1,324 சிசி கார்புரேட்டர் எஞ்சின், ஐந்து கியர், நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங், முன்னும் பின்னும் ஒரே தண்டாக ஓடும் கட்டை ஆக்ஸில். எஞ்சினின் விசையை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரித்து, மெதுவாக ஓட்ட ‘லோ’ கியரும் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் நடுவில் தனியாகத் தொங்கும். பதினான்கு வருடமாக இதைப் பிரித்து மாட்டி வருகிறேன். உங்களுடையது பழைய லேண்ட் குரூசர், லேண்ட் ரோவர், ஜீப் எதுவாக இருந்தாலும், பட்டையும் கட்டை ஆக்ஸிலும் இருந்தால் நான் சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஒரு வரிசையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முதலில் பழுது, பிறகு டயர், பிறகு கியர், கடைசியில் உயரம். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். வாங்கிய இரண்டாவது வாரமே பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமானதாகப் போட்டு முன்பக்கத்தை உயர்த்தினேன். அடுத்த ஞாயிறு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு சின்னப் பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. ஸ்டீயரிங் என் இரண்டு கையையும் உதறியது. முன்சக்கரங்கள் படபடவென்று ஆட, வண்டி மொத்தமும் நடுங்கியது. பிரேக்கை மெல்ல அழுத்தி, வண்டி ஏறக்குறைய நிற்கும் வரை அந்த ஆட்டம் அடங்கவில்லை. பக்கத்தில் என் தங்கை உட்கார்ந்திருந்தாள். இன்றும் அந்தச் சத்தம் எனக்கு மறக்கவில்லை. பிரித்துப் பார்த்தபோது காரணம் இரண்டு இருந்தது: பல வருடமாகத் தேய்ந்துபோன கிங்பின் பேரிங் (முன்சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சில் இருப்பது), அதற்குமேல் நான் போட்ட ஷேக்கிள். பேரிங் சரியாக இருந்திருந்தால் ஷேக்கிளின் தவறு இவ்வளவு தூரம் போயிருக்காது.

கழுவித் தட்டிப் பார்ப்பது

ஸ்பேனரைத் தொடும் முன் வண்டியின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள். சேறு ஒட்டிய இடத்தில் எந்தக் கசிவும் கண்ணுக்குத் தெரியாது. காய்ந்த பிறகு ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துச் சேஸிஸின் இரண்டு சட்டத்தையும் முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இடம் மொத்தென்று அடங்கும். ஸ்பிரிங் மாட்டும் தாங்கிகளைச் சுற்றியும், பாடி உட்காரும் இடங்களிலும், பின்பக்க வளைவின் மேல்புறத்திலும் இன்னும் பொறுமையாகத் தட்டுங்கள். பெட்டிச் சட்டத்துக்குள் மண் தங்கி ஈரம் காயாமல் கிடப்பதால் துரு உள்ளிருந்துதான் வெளியே வரும். மேலே பெயின்ட் பளபளப்பாக இருந்தாலும் நம்பாதீர்கள்.

ஓட்டை விழுந்திருந்தால் அந்த இடத்தை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். மேலே ஒட்டுப்போடும் தகட்டின் ஓரம் சாய்ந்து வருவதுபோல், வைர வடிவில் வெட்டச் சொல்லுங்கள். சட்டத்தின் குறுக்கே நேர்செங்குத்தாக வெல்டிங் கோடு ஓடினால், சேஸிஸ் முறுக்கும்போது விரிசல் அந்தக் கோட்டிலேயே விழும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள். பெட்ரோல் குழாய் பக்கத்தில் ஓடினால் அதையும் கழற்றி நகர்த்திவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

பாதுகாப்புக்கு ஒரு வார்த்தை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள், கட்டாயம் ஸ்டாண்டு வையுங்கள். லேண்ட் ரோவர் சீரீஸ் போன்ற பழைய வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், பின் ஆக்ஸிலுக்கு விசை கொண்டுபோகும் ஷாஃப்ட்டைப் பிடிக்கும். அதில் ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினால், தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கம் சுழன்றுகொள்ள, தரையில் இருக்கும் சக்கரம் தாராளமாக உருளும். கட்டை வைத்து அடைக்காமல் தூக்கக் கூடாது.

பிரேக்கும் ஸ்டீயரிங்கும்

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு 140 வரை இறங்கிவிடலாம். டாட் 4 என்றால் 230, 155. நீண்ட இறக்கத்தில் பெடல் திடீரென்று தரைவரை போவது இதனால்தான். வாங்கிய பழைய வண்டியில் எப்போது மாற்றினார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்காமல் முழுவதையும் இறக்கிப் புதிதாக ஊற்றுங்கள். ரப்பர் ஹோஸ்களை விரலால் மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் உங்கள் வண்டியில் எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஸ்டீயரிங்குக்கு இரண்டு பேர் வேண்டும். எஞ்சின் அணைத்திருக்க, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்ட, மற்றவர் கீழே ஒவ்வொரு மூட்டின் மேலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத தளர்வு கைக்குத் தெரியும். டை ராடு எண்ட், டிராக் லிங்க், ஸ்டீயரிங் பாக்ஸைச் சேஸிஸோடு பிடிக்கும் போல்ட், எல்லாவற்றையும் இப்படித் தொட்டுப் பாருங்கள். அப்புறம் முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவிக்கு இருப்பவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங் லூஸ். நிற்காமல் தொடர்ந்தால் கிங்பின் பேரிங்.

நக்கிளைப் பிரிப்பது

இந்த வேலையை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன். பழைய கட்டை ஆக்ஸில் வண்டிகளில் அதிகம் புறக்கணிக்கப்படுவது இதுதான்.

முன் ஆக்ஸிலின் இரண்டு முனையிலும் ஒரு இரும்பு உருண்டை. அதன்மேல், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் திரும்பும். மேலும் கீழும் கிங்பின், ஒவ்வொன்றுக்கும் ஒரு பேரிங். உருண்டைக்குள் ஆறு குண்டு கொண்ட மூட்டு. ஆல்ஃபிரட் ரேப்பா 1920களில் வடிவமைத்த மூட்டு வகை இது. காட்டுப் பாதை ஓட்டுபவர்கள் இதை பர்ஃபீல்டு என்று சொல்வார்கள். இடது, வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலின் ஆயில் இந்த உருண்டைக்குள் வராமல் தடுக்க உள்ளே ஒரு ஆயில் சீல். அது தேய்ந்தால் ஆயில் உள்ளே வந்து கிரீஸைக் கரைக்கும். கரைந்தது கஞ்சிபோல் நக்கிளின் அடியில் ஒழுகி, சக்கரத்தின் உட்பக்கம் கருப்புக் கோடாக வடியும். அந்தக் கோட்டைப் பார்த்தால் வெளிப்புற சீலை மட்டும் மாற்றி ஏமாறாதீர்கள், கெட்டது உள்ளே இருக்கும் சீல்.

சக்கரத்தைக் கழற்றி, பிரேக் கேலிப்பரை ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கவிடக் கூடாது. ஹப் மூடி, ஸ்னாப் ரிங், வீல் பேரிங் நட்டு, ஹப், டிஸ்க் என்று வரிசையாக வரும். எடுத்ததை எடுத்த வரிசையிலேயே ஒரு பழைய துணியில் இடமிருந்து வலமாகப் பரப்புங்கள். ஸ்பிண்டிலைக் கழற்றியதும் ஆக்ஸில் தண்டு மூட்டோடு சேர்ந்து கையில் வந்துவிடும். அதை நேராக இழுங்கள். கீழே சாயவிட்டால் தண்டு சீலின் உதட்டைக் கிழிக்கும். மாட்டும்போதும் இதே கவனம் வேண்டும்.

கிங்பின்னைக் கழற்றும்போது அதன் அடியில் காகிதம்போல் மெல்லிய தகடுகள் இருக்கும். அவைதான் ஷிம். இடது மேல், இடது கீழ், வலது மேல், வலது கீழ் என்று நான்கு உறையில் எழுதிப் போட்டு வையுங்கள். கலந்துவிட்டால் நக்கிள் ஆக்ஸிலின் நடுவில் உட்காராது. பேரிங்கின் வெளிவளையத்தை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நகத்தை அதன் உள்முகத்தில் மெல்ல ஓட்டுங்கள். என் வண்டியில் நகம் சிறு சிறு படிகளில் இறங்கி ஏறுவதுபோல் தடுக்கியது. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் உருளைகள் ஒரே இடத்தில் குத்திக் குத்தி அந்தப் பள்ளங்களை உண்டாக்கியிருந்தன. அப்படிப்பட்ட பேரிங்கில் ஸ்டீயரிங் நடுவில் வந்து மாட்டிக்கொள்வதுபோல் தோன்றும். வளையத்தையும் பேரிங்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய வளையத்தைப் பித்தளைத் தண்டால் இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு என்று மாற்றி மாற்றித் தட்டி எடுங்கள்.

மூட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, குண்டுகள் ஓடும் தடங்களைப் பாருங்கள். பள்ளமோ விரிசலோ தெரிந்தால் மாற்றுங்கள். நன்றாக இருந்தால் மாலிப்டினம் கலந்த கிரீஸைக் கட்டைவிரலால் ஒரு பக்கம் அழுத்தி அழுத்தித் திணியுங்கள். குண்டுகளுக்கு இடையே மறுபக்கம் புது கிரீஸ் புழுப்போல் வெளியே வரும்வரை விடக் கூடாது.

புது சீலைத் தட்ட அதன் வெளிவளையத்தின் அளவுக்குப் பொருந்தும் ஒரு பழைய சாக்கெட் போதும். கோணலாகப் போனால் வெளியே எடுத்து வேறொன்று போடுங்கள், வளைந்த சீலைத் திருத்த முடியாது. பிறகு ஆக்ஸில் தண்டும் வெளிப்புறப் பெரிய சீலும் இல்லாமல் நக்கிளை மட்டும் மாட்டி, டை ராடு மாட்டும் ஓட்டையில் ஒரு ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு, நக்கிளிலிருந்து நீளும் ஸ்டீயரிங் கைக்குச் செங்கோணமாக மெல்ல இழுங்கள். நகர ஆரம்பிக்கும் கணத்தில் காட்டும் எடை வேண்டாம், நகர்ந்துகொண்டிருக்கும்போது காட்டும் எடையைப் பாருங்கள். அது உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்குள் வர வேண்டும். லூஸாக இருந்தால் ஷிம்மைக் குறைக்கவும், இறுக்கமாக இருந்தால் கூட்டவும். இந்தத் தராசு வேலையைப் பல மெக்கானிக்குகள் கைக்கணக்கில் முடித்துவிடுகிறார்கள். அதற்கு நான் சம்மதிப்பதில்லை. என் வண்டியின் ஆட்டத்தை அடக்கியது இந்த ஒரு அளவுதான்.

ஆயில், மூச்சுக்குழாய்

டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் எதில் ஆயில் மாற்றினாலும், ஊற்றும் பிளக்கை முதலில் திறந்து பாருங்கள். அது துருப்பிடித்துத் திறக்காத நிலையில் அடிப்பிளக்கைத் திறந்து எல்லாவற்றையும் இறக்கிவிட்டால், நிரப்ப வழியில்லாமல் வண்டி அங்கேயே நிற்கும்.

டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 என்று தரம் குறித்த ஆயில். பழைய கியர்பாக்ஸுக்கு மேனுவல் ஜிஎல்-4 கேட்டால் அதையே ஊற்றுங்கள். ஜிஎல்-5 ஆயிலில் கூடுதலாகச் சேர்க்கும் கந்தகப் பொருட்களில் சில, கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடியவை. இறங்கிய ஆயில் பால் கலந்த காபிபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

எப்படிப் புகுகிறது? ஓடிச் சூடான ஆக்ஸில் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்கிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து எதையாவது இழுக்கப் பார்க்கும். மேலே இருக்கும் சின்ன மூச்சுக்குழாய் சேறு அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரையே இழுக்கும். அந்த மூடியைக் கழற்றி, ஆயில் தாங்கும் ரப்பர் குழாய் ஒன்றைச் செருகி, எஞ்சின் அறையின் மேல்பகுதிவரை கொண்டுபோய், முனையில் ஒரு சின்னப் பெட்ரோல் ஃபில்டரை மாட்டுங்கள். ஆக்ஸில் மேலும் கீழும் போவதற்குத் தகுந்தபடி குழாயில் தளர்வு விட வேண்டும். ஒரு மணி நேர வேலை. காட்டுப் பாதைக்குப் போகும் வண்டிக்கு இதைவிடப் பலன் தரும் மாற்றம் மிகக் குறைவு.

சூடு

மெதுவாக ஏறும்போது எஞ்சின் கடுமையாக உழைக்கும், எதிர்க்காற்று இருக்காது. சாலையில் ஒழுங்காக இருந்த முள் இங்கேதான் ஏறும். ரேடியேட்டரின் இதழ்களுக்கிடையில் இருக்கும் சேற்றை எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த வேகத்தில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வேகமாக அடித்தால் இதழ்கள் மடங்கிக் காற்றை அடைக்கும். தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப்பான வாட்டர் பாடியின் அடியில் உள்ள சின்ன ஓட்டையில் ஈரமோ கறையோ இருந்தால் அதன் சீல் போய்விட்டது என்று பொருள். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் தண்ணீர் முன்னதாகவே கொதிக்கும்.

சூடாகும் வண்டியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. செய்யாதீர்கள். எஞ்சின் நிதானமான சூட்டுக்கு வராமல் பெட்ரோல் அதிகம் குடிக்கும், உள்தேய்மானமும் கூடும். உண்மையான காரணம் அப்படியே மறைந்து நிற்கும். வெந்நீரில் போட்டு அது திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புதிது போடுங்கள்.

டயரும் கியரும்

வண்டியை எவ்வளவு உயர்த்தினாலும் டிஃபரன்ஷியல் குடம் தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட மேலே போகாது. பட்டையும் ஷேக்கிளும் சேஸிஸைத்தான் தூக்கும். குடத்தை உயர்த்துவது டயர் மட்டுமே. என் வண்டியின் பழைய அளவு 205/70 ஆர்15, விட்டம் ஏறக்குறைய 67 சென்டிமீட்டர். இப்போது போட்டிருப்பது 235/75 ஆர்15, விட்டம் 73 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வித்தியாசத்தில் பாதி, அதாவது மூன்றேகால் சென்டிமீட்டர், குடத்துக்கு அடியில் கிடைத்தது. ஒரு கல்லின் மேல் உரசுவதற்கும் தாண்டுவதற்கும் அது போதுமான வித்தியாசம்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. டயர் 10 சதவீதம் பெரிதானால் கியர் எல்லாம் 10 சதவீதம் உயர்ந்ததுபோல் ஆகும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-இல் ஓடும். பிரேக்குக்கும் அதே அளவு கூடுதல் சுமை. என் வண்டியில் முதல் கியர் 3.652, டிரான்ஸ்ஃபர் கேஸ் லோ 2.268, டிஃபரன்ஷியல் 3.727. மூன்றையும் பெருக்கினால் 30.9. எஞ்சின் 900 சுற்றில் இருக்கும்போது பழைய டயரில் மணிக்கு 3.7 கிலோமீட்டர் வேகத்தில் நகரும், பெரிய டயரில் 4. எண்ணாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. கற்கள் நிறைந்த ஏற்றத்தில், கிளட்ச்சைத் தேய்க்காமல் ஒவ்வொரு கல்லாக ஏறி இறங்க, 4 என்பது அதிக வேகம். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் 4.16 லோ கியர் செட் மாற்றிய பிறகு மொத்தம் 56.6 ஆனது, வேகம் 2.2 ஆகக் குறைந்தது. இப்போது கிளட்ச்சை விட்டுவிட்டுக் கால்கள் இரண்டையும் சும்மா வைத்துக்கொண்டு ஏறுகிறேன். பழைய சிறிய எஞ்சினுக்குக் குதிரைத்திறன் கூட்டப் பணம் போடுவதைவிட, இந்த கியருக்குப் போடுங்கள் என்பதுதான் என் தீர்மானமான கருத்து. இறக்கத்திலும் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக் சூடாகாது.

டயரில் காற்றைக் குறைப்பது செலவே இல்லாத மாற்றம். சாலையில் 26 பிஎஸ்ஐ வைக்கிறேன், காட்டுப் பாதையில் 16, மணலில் 13. என் வண்டி ஒரு டன்னுக்கும் குறைவு என்பதால் இந்த அளவு. கனமான வண்டிக்கு ஒவ்வொன்றிலும் சில பிஎஸ்ஐ கூட்டிக்கொள்ளுங்கள். காற்றைக் குறைத்தால் டயர் தரையில் படும் தடம் நீளும், கல்லைச் சுற்றி மடங்கிப் பிடிக்கும், வண்டிக்குள் குலுக்கமும் குறையும். 12-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடலாம். குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். அதனால் சாலைக்கு வந்ததும் நிரப்பிவிட்டுத்தான் நகர வேண்டும். பாதை முடியும் இடத்தில் ஒரு பம்ப் கையில் இல்லையென்றால் காற்றைக் குறைக்கவே வேண்டாம்.

பட்டையும் உயரமும்

சரி, இப்போது உயரத்துக்கு வரலாம். பெரிய டயர் மடக்கும்போது உரசாமல் இருக்கத் தேவையான அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். எனக்கு இரண்டு அங்குலம் போதுமாக இருந்தது. அதற்குமேல் போனால் வண்டியின் கனம் மேலே ஏறி, பக்கச் சாய்வில் கவிழும் பயம் கூடும்.

நீள ஷேக்கிள் போடுவது குறுக்கு வழி. ஷேக்கிள் இரண்டு அங்குலம் நீண்டால் ஆக்ஸில் இருக்கும் இடத்தில் ஒரு அங்குலம்தான் உயரும், ஏனென்றால் பட்டையின் ஒரு முனை மட்டுமே நகர்கிறது. என் வண்டியில் முன் ஷேக்கிள் பட்டையின் முன்முனையில் இருக்கிறது. அதை நீளமாக்கியதும் பட்டை முன்னோக்கிச் சாய்ந்தது, நக்கிளின் மேல்பகுதியும் முன்னே சாய்ந்தது. திரும்பிய சக்கரத்தைத் தானாக நேரே கொண்டுவரும் கேஸ்டர் கோணம் அதனால் குறைந்துவிட்டது. முதலில் சொன்ன ஆட்டத்தின் இரண்டாவது காரணம் இதுதான். சாய்வான ஆப்புத் தகடு ஒன்றைப் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் வைத்து இதைத் திருத்தலாம். நான் ஷேக்கிளையே கழற்றிவிட்டு, இரண்டு அங்குலம் கூடுதலாக வளைந்த புதுப் பட்டை செட் போட்டேன். பழைய செட்டில் இன்னொரு பட்டை சேர்க்கவும் சொல்வார்கள். அப்படிச் செய்தால் ஸ்பிரிங் விறைத்துப்போகும், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்க மறுத்து அந்தரத்தில் தொங்கும்.

மாட்டும்போது மூன்று விஷயம். யூ போல்ட் எப்போதும் புதிது. பழையது ஏற்கெனவே இழுபட்டிருக்கும், மறுபடி முறுக்கினால் பிடிமானம் வராது. சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் தாங்கியில் உள்ள குழியில் முழுமையாக உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு முறுக்குங்கள். ரப்பர் புஷ் உள்ள கண் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது கடைசிவரை முறுக்காதீர்கள். வண்டியை இறக்கி, அதன் கனம் சக்கரத்தில் நின்ற பிறகு முறுக்கினால்தான் புஷ் நடுநிலையில் நிற்கும். இல்லாவிட்டால் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி டைட் செய்யுங்கள். புதுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கொஞ்சம் தளரும். என் வண்டியில் அப்போது எல்லா நட்டுமே அரைச்சுற்று வாங்கின.

அப்புறம் சேஸிஸைத் தூக்கி ஆக்ஸிலைத் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ஷாக் அப்சார்பர் முழுவதும் நீண்டுவிட்டதா, மூச்சுக்குழாய் எட்டுகிறதா என்று பாருங்கள். ஷாக் அப்சார்பர் ஆக்ஸிலைத் தாங்கும் கயிறாக ஆகிவிட்டால் அதன் தாங்கி கிழிந்துவிடும். ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் உள்ள கிராஸ் ஜாயின்ட்டின் கோணங்கள் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் அதிர்வு வரும். பின் ஆக்ஸிலோடு கம்பியால் இணைந்த பிரேக் வால்வு இருந்தால், உயர்த்திய பிறகு வண்டி காலியாக இருப்பதாக நினைத்துப் பின்பிரேக்கைக் குறைத்துவிடும். அதன் கம்பியையும் திருத்த வேண்டும்.

இழுக்கும் இடம்

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, சேஸிஸில் உறுதியான கொக்கி இல்லாமல் காட்டுப் பாதைக்குப் போகக் கூடாது. டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு போட்டு இழுக்கவே கூடாது. அது உடைந்து பறந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். கொக்கியின் போல்ட் பெட்டிச் சட்டத்தின் ஒரு சுவரை மட்டும் பிடித்தால் போதாது, இரண்டு சுவரையும் ஊடுருவ வேண்டும். ஊடுருவும் போல்ட்டை முறுக்கினால் சட்டம் நசுங்கும். அதனால் உள்ளே சட்டத்தின் அகலத்துக்குச் சரியாக ஒரு இரும்புக் குழாய் வைத்து, அதன் வழியாக போல்ட்டைச் செலுத்துங்கள். தலையில் 10.9 என்று பொறித்த போல்ட் வாங்குங்கள். கயிற்றைக் கொக்கியில் மாட்டும் ஷேக்கிளில் (ஸ்பிரிங்கில் இருப்பது வேறு) தாங்கும் எடை எழுதியிருக்க வேண்டும். 19 மில்லிமீட்டர் வில் ஷேக்கிளில் 4.75 டன் என்று இருக்கும். எழுத்தே இல்லாததை வாங்காதீர்கள்.

கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் வின்ச் போடுவதானால், சாமானோடு வண்டியின் மொத்த எடையைப்போல் ஒன்றரை மடங்கு இழுவை வேண்டும். இழுக்கும்போது கயிற்றின்மேல் ஒரு கனமான போர்வையைப் போடுங்கள், மற்றவர்களைக் கயிற்றின் நீளத்தைவிட அதிகத் தூரத்தில் நிறுத்துங்கள்.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று: கூடுதல் விளக்கு, பம்ப் எதுவானாலும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ், அப்புறம் ரிலே. பழைய வயரில் முடிச்சுப் போட்டு எடுக்காதீர்கள்.

பாதையிலும் திரும்பிய பிறகும்

முன், பின் ஆக்ஸில் வேறுவேறு வேகத்தில் சுழல விடும் சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாத பழைய வண்டிகளில் ஃபோர் வீல் டிரைவைக் காய்ந்த தார்ச்சாலையில் போடக் கூடாது. திருப்பத்தில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வேறுவேறு தூரம் ஓட முயல, அந்த முறுக்கம் முழுவதும் கியர்களில் தங்கும். முன்சக்கரத்தை ஆக்ஸில் தண்டோடு இணைக்கும் ஹப் லாக் இருந்தால் பாதை தொடங்குமிடத்தில் இரண்டு பக்கத்தையும் ஒரே நிலைக்குத் திருப்புங்கள். கடினமான ஏற்றத்தில் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை மடக்கிவைத்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். ஆறு குண்டு மூட்டு உடைவது பெரும்பாலும் அந்த நிலையில்தான். கொஞ்சம் பின்னே எடுத்து, நேராக்கி, மறுபடி ஏறுங்கள். என்னுடைய இடப்பக்க மூட்டு அப்படித்தான் உடைந்தது. துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம், அதன்பிறகு முன்சக்கரத்துக்கு இழுவையே இல்லை. அன்றிலிருந்து கிரீஸ் திணித்த மூட்டு ஒன்று துணியில் சுற்றி வண்டியிலேயே இருக்கிறது. கூடவே கிராஸ் ஒன்று, ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், கிளாம்ப், இரண்டு லிட்டர் கியர் ஆயில், கட்டுக்கம்பி.

ஓடையைக் கடந்ததும் கால்மணி தூரத்துக்கு பிரேக்கை அவ்வப்போது மெல்ல அழுத்திக்கொண்டே ஓட்டுங்கள், டிரம் காயும். வீடு திரும்பிய அன்றே சேஸிஸின் உட்பக்கத்தை அதன் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். டிரம்மைத் திறந்து மண்ணைத் தட்டுங்கள். கிரீஸ் நிப்பிள் ஒவ்வொன்றிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை கன் அடியுங்கள். மறுநாள் காலையில் வண்டியை எடுத்து, பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி, நான்கு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால், அன்று மாலையே அந்தச் சக்கரத்தைக் கழற்றிவிடுவேன்.